பத்து விழுக்காட்டு நிபந்தனை

எங்கள் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரிக்கரையோரம் ஒரு வாசகசாலைக் கட்டடம் இருக்கிறது. ஓர் அறை, ஒரு தாழ்வாரம், பச்சை வண்ணம் பூசிய இரும்புக் கதவு. வாசலில் பதித்த கருங்கல் பலகையில் கொடையளித்த அறக்கட்டளையின் பெயரும் திறப்பு விழா நடந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. கதவில் ஒரு பூட்டு தொங்குகிறது. அந்தப் பூட்டுக்கு நானும் ஒரு காரணம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, தனியார் அறக்கட்டளை ஒன்று தன் நல்கைத் தேர்வுக் குழுவில் என்னையும் ஓர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. குளம் தூர்வாருதல், கண் மருத்துவ முகாம், தெருக்கூத்துப் பயிற்சி, இளைஞர்களுக்கான விளையாட்டு, வாசிப்பு ஆகியவற்றுக்கு ஊர்க் குழுக்கள் கேட்கும் சிறு தொகைகளைப் பரிசீலித்துப் பரிந்துரைப்பது எங்கள் வேலை. மேற்படிச் சிற்றூரின் இளைஞர்கள் இரண்டு கோரிக்கைகளை வைத்திருந்தார்கள். ஒன்று, வாசகசாலைக் கட்டடம். மற்றொன்று, நூலகரின் பொறுப்பை ஏற்கும் ஒருவருக்கு மூன்று ஆண்டுகள் மாத மதிப்பூதியம். கட்டடத்துக்கு ஒப்புதல் அளித்தோம். மதிப்பூதியத்தை மறுத்தோம். தொடர்செலவை நல்கையில் சேர்த்தால் ஊர் நம்மையே சார்ந்து நின்றுவிடும் என்று குழுவில் வலுவாக வாதிட்டவன் நான்தான். பொருளாதாரப் பேராசிரியர் சொன்னதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியானால் அந்தத் தொடர்செலவை யார் ஏற்பார்கள் என்று விண்ணப்பித்த இளைஞர்களையோ ஊராட்சியையோ நாங்கள் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அவ்வழியே சென்றபோது பூட்டைப் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் ஆண்ட்ரூ கார்னகியின் வாழ்க்கையை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதார வரலாற்று வகுப்புகளில் அவரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். சுரங்கம் முதல் தண்டவாளம் வரை ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவந்த எஃகு முதலாளியாக அவரை விரிவாக விளக்குவேன். கொடைகளைப் பற்றி வகுப்பு முடியும் தறுவாயில் பத்து நிமிடம் பேசுவேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில் 1835 நவம்பர் 25 அன்று கார்னகி பிறந்தார். தந்தை வில்லியம் கைத்தறி நெசவாளர். பூவேலைப்பாடு கொண்ட லினன் மேசைத் துணிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தறியோசையும் அரசியல் பேச்சும் ஒரே கூரையின் கீழ் ஒலித்த வீடு. தந்தையும் வேறு சில நெசவாளர்களும் தங்களிடமிருந்த புத்தகங்களை ஒன்றுசேர்த்து, அவ்வூரில் உழைப்பாளிகளுக்கான ஒரு சுற்று நூலகத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் நூலகம் கட்டிய மனிதரின் கதை, எந்தச் செல்வரின் கொடையும் இல்லாமல் நெசவாளர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட நூலகத்தில் தொடங்குகிறது. இதை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை.

நீராவித் தறிகள் வந்தன, கைத்தறி வீழ்ந்தது. கடன் வாங்கிக் கப்பலேறிய அக்குடும்பம் 1848-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு ஆற்றின் மறுகரையில் இருந்த அலிகெனியை அடைந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன் பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலைக்குப் போனான். வாரக்கூலி 1 டாலர் 20 சென்ட். விடியுமுன் தொடங்கி இருட்டிய பிறகு முடியும் வேலை. தந்தை புதிய நாட்டில் காலூன்றவே இல்லை. தானே நெய்த துணியை வீடு வீடாக விற்றுப் பார்த்தார். 1855-இல் காலமானார். தாய் மார்கரெட் செருப்புத் தைக்கும் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

1849-இல் தந்தி அலுவலகத்தில் செய்தி கொண்டுசெல்லும் பையனாகக் கார்னகிக்கு வேலை கிடைத்தது. அக்காலத்தில் அலிகெனியில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் ஏறத்தாழ 400 நூல்கள் கொண்ட தம் சொந்த நூலகத்தைச் சனிக்கிழமைகளில் உழைக்கும் சிறுவர்களுக்குத் திறந்துவைத்தார். வாரத்துக்கு ஒரு நூல் எடுத்துச் செல்லலாம். அந்த நூலகம் பின்னர் விரிவடைந்தபோது, ஒப்பந்த முறையில் தொழில் பழகும் சிறுவர்களுக்கு மட்டுமே இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்றொரு விதி வந்தது. தந்திப் பையன்கள் எந்தத் தொழிலுக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர். 17 வயதுக் கார்னகி 1853-இல் உள்ளூர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொடையாளியின் நோக்கம் உழைக்கும் சிறுவர் அனைவருக்கும் உதவுவதே என்று அதில் வாதிட்டார். விவாதம் சில நாள் நடந்தது, விதி தளர்ந்தது. கொடை ஒன்றின் விதிமுறையைப் பயனாளி ஒருவரே எதிர்த்து வென்ற நிகழ்ச்சி இது. எங்கள் குழுவின் தீர்மானத்தை எதிர்த்து அந்தச் சிற்றூர் இளைஞர்கள் ஒரு கடிதம் எழுதியிருந்தால் நான் எப்படி ஏற்றுக்கொண்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். முறையான பதில் ஒன்றை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடியிருப்பேன்.

அதன்பின் வந்தது வேகமான ஏற்றம். பென்சில்வேனியா ரயில்வேயில் தாமஸ் ஸ்காட்டின் உதவியாளராக மாதம் 35 டாலர் ஊதியம். 1859-இல் அந்நிறுவனத்தின் மேற்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் பதவி. மேலதிகாரிகள் காட்டிய வழியில் பங்குகள் வாங்கினார். நிறுவனத்துக்குள்ளேயே கிடைத்த தகவலை வைத்துச் செய்த அத்தகைய முதலீடுகள் பலவற்றை இன்றைய பங்குச் சந்தைச் சட்டங்கள் அனுமதிக்கமாட்டா. அன்று அது வழக்கம். 1875-இல் பிராடக் என்னுமிடத்தில் அவருடைய பெரிய எஃகு ஆலை இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பணிநிலையிலும் ஆகும் செலவை நாள்தோறும் கணக்கெடுத்துக் குறைப்பதே அவருடைய வெற்றியின் அடித்தளம். 1870-களின் தொடக்கத்தில் டன் 100 டாலருக்கு மேல் விற்ற எஃகுத் தண்டவாளம் நூற்றாண்டின் இறுதியில் 20 டாலருக்குக் கீழே வந்தது. அந்தச் செலவுக் கணக்கில் கூலியும் ஓர் இனம்.

கொடுக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 1881-இல் டன்ஃபர்ம்லினில் ஒரு நூலகத்துக்குத் தாய் மார்கரெட் அடிக்கல் நாட்டினார். இரண்டாண்டுகளில் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகருக்கு ஒரு முன்மொழிவை வைத்தார். நூலகம் கட்ட 2,50,000 டாலர் தருகிறேன், அதை நடத்த நகராட்சி ஆண்டுதோறும் 15,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நூலகத்துக்காக வரிப்பணத்தைச் செலவிட எங்களுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று நகராட்சி கைவிரித்தது. அவர் நிபந்தனையைக் கைவிடவில்லை, காத்திருந்தார். அண்டை நகரான அலிகெனி ஒப்புக்கொண்டு 1890-இல் நூலகத்தைப் பெற்றது. பிட்ஸ்பர்க்கும் பின்னர் இணங்கி வந்து 1895-இல் இன்னும் பெரியதொரு நூலகத்தைப் பெற்றது.

1889-இல் செல்வத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. சேர்த்த செல்வத்தை வாரிசுகளுக்கு விட்டுச் செல்வதும், இறந்த பின் உயிலால் கொடுப்பதும் தவறு. செல்வர் தம் வாழ்நாளிலேயே, தம் அறிவைக்கொண்டு, சமூகத்தின் அறங்காவலரைப் போல் அதைப் பகிர்ந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பொருளியல் மாணவன் இதில் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளியின் கூலியாக வாரந்தோறும் சிதறிப்போகும் பணத்தைவிட, ஒருவர் கையில் திரண்டு நூலகமாக மாறும் பணமே சமூகத்துக்கு நல்லது என்று யார் முடிவு செய்வது? கார்னகி இதற்கு விடை வைத்திருந்தார். சிறு சிறு தொகைகளாகப் பிரிந்தால் அது உணவிலும் உடையிலும் கரைந்துவிடும் என்று அவர் நம்பினார். கட்டுரை வெளிவந்து மூன்றே ஆண்டுகளில் இந்த விடை சோதனைக்கு உள்ளானது.

பிட்ஸ்பர்க்குக்கு அருகே மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் உள்ள ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிற்சங்கத்துடனான கூலி ஒப்பந்தம் 1892 ஜூன் 30 அன்று முடிவடைந்தது. நிர்வாகத்தைக் கவனித்த ஹென்றி கிளே ஃபிரிக் கூலிக் குறைப்பை முன்வைத்தார், சங்கம் மறுத்தது, ஆலை பூட்டப்பட்டது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆனால், ஃபிரிக்கின் போக்குக்கு அவருடைய ஒப்புதல் கடிதங்கள் வழியே இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதியவரும் அவரேதான். ஜூலை 6 விடியற்காலையில் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதமேந்திய காவலர்கள் ஏறத்தாழ 300 பேர் படகுகளில் கொண்டுவரப்பட்டார்கள். கரையில் திரண்டிருந்த தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் நாள் முழுவதும் மோதல் நடந்தது. இருதரப்பிலும் சேர்த்துப் பத்துப் பேரளவில் மாண்டனர். சில நாள்களில் மாநிலப் படை வந்தது. நவம்பரில் வேலைநிறுத்தம் தோற்றது. முன்னின்று நடத்தியவர்களின் பெயர்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. பன்னிரண்டு மணி நேர வேலைநாள் வேரூன்றியது. பகல் முறைக்கும் இரவு முறைக்கும் மாறும் நாளில் 24 மணி நேரம் தொடர்ந்து உழைக்க வேண்டியவர்களும் இருந்தார்கள்.

அதே ஹோம்ஸ்டெடில் 1898-இல் கார்னகி ஒரு நூலகத்தைத் திறந்துவைத்தார். நீச்சல் குளமும் இசையரங்கும் கொண்ட அழகிய கட்டடம். பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன் நின்றவன் எப்போது வந்து படிப்பான் என்று தொழிலாளர்கள் கசப்போடு கேட்டார்கள். அவர் சொந்தமாகச் செலவிட்ட கோடிகளைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் இந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து எனக்கு விடை கிடைக்கவில்லை. 1900-ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் ஈட்டிய லாபம் 4 கோடி டாலர். அதில் அவருடைய பங்கு மட்டும் ஏறத்தாழ 2.5 கோடி.

1901-இல் ஜே.பி. மார்கனுக்கு நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். அவர் பங்குக்கு வந்த 22.5 கோடி டாலர் அளவிலான தொகை, 5 விழுக்காடு வட்டி தரும் கடன் பத்திரங்களாக வந்து சேர்ந்தது. அதிலிருந்து முதல் வேலையாக 50 லட்சம் டாலரை ஆலைத் தொழிலாளர்களுக்கென ஒதுக்கினார். விபத்துக்குள்ளானோர், முதியோர் ஆகியோருக்கான நிதிக்கு 40 லட்சம். பிராடக், ஹோம்ஸ்டெட், டுகேன் ஆகிய மூன்று ஆலை ஊர்களின் நூலகங்களைப் பராமரிக்க 10 லட்சம். ஹோம்ஸ்டெட் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். உறுத்தலுக்கு ஆளானவர் பணம் ஒதுக்கினார்; வேலை நேரத்தைக் குறைக்கும் அதிகாரம் கையில் இருந்தபோது அதைச் செய்யவில்லை.

இனி, நான் வகுப்பில் பத்து நிமிடத்தில் கடந்துபோன பகுதிக்கு வருகிறேன். நூலகக் கொடையைக் கார்னகி ஓர் இயந்திரம் போல் அமைத்தார். அதை இயக்கியவர் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம். நேர்காணல் கிடையாது; விருந்தும் பரிந்துரையும் எடுபடா. ஊரிலிருந்து கடிதம் வந்தால் ஒரு வினாத்தாள் போகும். மக்கள்தொகை எவ்வளவு, ஏற்கெனவே நூலகம் உண்டா, எத்தனை நூல்கள், இடம் இருக்கிறதா, ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து எவ்வளவு ஒதுக்குவீர்கள். விடைகள் பொருந்தினால், பொதுவாகத் தலைக்கு 2 டாலர் என்ற கணக்கில் தொகை நிர்ணயமாகும். நிலத்தை ஊர் தர வேண்டும். பெற்ற தொகையில் 10 விழுக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் நூலகத்தை நடத்த ஒதுக்குவதாக ஊர் மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 10,000 டாலர் பெற்ற ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர் செலவிட வேண்டும். பிரிட்டனில் ஊராட்சிகள் பொது நூலகச் சட்டத்தை ஏற்று நூலக வரி விதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடத்தின் மேல் தம் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் இல்லை.

என் தவறு எங்கே என்பது இங்கேதான் விளங்கியது. தொடர்செலவைத் தம் தலையில் ஏற்றிக்கொள்ளக் கார்னகியும் மறுத்தார், நானும் மறுத்தேன். ஆனால், அதை ஏற்பவர் யார் என்று எழுத்தில் உறுதி கிடைக்கும்வரை அவர் ஒரு செங்கல்லுக்கும் பணம் தரவில்லை. நான் மறுத்ததோடு நின்றேன். மேலும், அவருடைய நிபந்தனை இன்னொன்றையும் செய்தது. நூலகம் கொடையாளியின் தயவு என்ற நிலையிலிருந்து வரி கட்டுபவரின் உரிமை என்ற நிலைக்கு அதை நகர்த்தியது. பத்து விழுக்காட்டைத் தன் பையிலிருந்து கொடுக்கும் ஊர், நூலகர் நேரத்துக்கு வரவில்லை என்றால் கேட்கும்.

இந்த முறையில் உலகெங்கும் எழுந்த நூலகங்கள் 2,500-க்கும் மேல். அவற்றுள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,680. நியூயார்க் நகருக்குக் கிளை நூலகங்கள் கட்ட 1901-இல் 52 லட்சம் டாலர். எல்லா ஊர்களும் கைநீட்டி வாங்கிக்கொள்ளவில்லை. ஹோம்ஸ்டெடின் இரத்தம் படிந்த பணம் என்று தொழிற்சங்கங்கள் பல நகரங்களில் எதிர்த்தன. ஆண்டுதோறும் வரிச்சுமை கூடும் என்று வேறு சில ஊர்களில் வரி செலுத்துவோர் எதிர்த்தனர். டெட்ராய்ட் நகரம் ஏற்பதா மறுப்பதா என்று ஏறக்குறைய பத்தாண்டுகள் வாதிட்டது. ஏற்க மறுத்தோ முயற்சியைப் பாதியில் கைவிட்டோ ஒதுங்கிய அமெரிக்க ஊர்கள் இருநூறுக்கும் மேல். நிறவெறி ஆட்சி செய்த தென்மாநிலங்களில், கறுப்பினத்தவரின் வரியும் சேர்ந்து நடத்தும் நூலகத்தில் அவர்களுக்கே இடமில்லாத நிலை இருந்தது. கார்னகி அந்த வழக்கத்தோடு மோதவில்லை. அவர்களுக்கெனத் தனி நூலகம் கட்டப் பணம் கொடுத்தார். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1908-இல் கட்டி முடித்த மேற்குக் கிளை அவற்றுள் முன்னோடி. தாமஸ் ஃபவுன்டன் புளூ என்ற கறுப்பின நூலகர் அதன் பொறுப்பில் இருந்து, கறுப்பின நூலகர்களுக்கான பயிற்சியையும் அங்கே நடத்தினார். கொடையாளி யோசிக்காத பயனை அந்த நூலகர் விளைவித்தார்.

ஓய்வூதியத்தில் வாழ்பவன் என்ற முறையில் இன்னொரு கொடையையும் சொல்லாமல் நகர முடியவில்லை. கார்னல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் இருந்தபோது பேராசிரியர்களின் சொற்ப ஊதியத்தைக் கண்டு அவர் திகைத்தார். 1905-இல் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென 1 கோடி டாலர் ஒதுக்கினார். மதப் பிரிவுகளின் ஆளுகையில் உள்ள கல்லூரிகளுக்கு அது கிடையாது என்ற விதியால், சில கல்லூரிகள் தங்கள் திருச்சபைத் தொடர்பையே துறந்தன. நல்கை பெறுவதற்காக ஒரு நிறுவனம் தன் அடையாளத்தை மாற்றிக்கொள்ளும் போக்குக்கு அது பழைய சான்று. ஓய்வு பெறுவோர் பெருகப் பெருக நிதி போதாது என்பது விரைவில் தெரிந்தது. 1918-இல், ஆசிரியரும் கல்லூரியும் தங்கள் பங்கைச் செலுத்தும் காப்பீட்டு முறைக்கு மாற வேண்டியதாயிற்று. இங்கே பத்து விழுக்காடு போன்ற நிபந்தனை தொடக்கத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய கொடைகளில் என்னை மிகவும் கவர்வது நூலகம் அன்று. டன்ஃபர்ம்லினில் பிட்டன்கிரீஃப் என்றொரு சோலை உண்டு. அதன் நிலவுடைமையாளர், அரசியல் கிளர்ச்சியில் ஈடுபட்ட குடும்பம் என்பதால் கார்னகியின் தாய்வழி உறவினர் எவரும் அதற்குள் நுழையக் கூடாதென்று தடுத்திருந்தார். ஊர்ப் பிள்ளைகள் உள்ளே போகும் நாளிலும் சிறுவன் ஆண்ட்ரூ வேலிக்கு வெளியே நின்றான். 1902-இல் அந்தச் சோலையை அவர் விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டில் ஊருக்கே கொடுத்துவிட்டார். அத்துடன் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். உழைக்கும் மக்களின், குறிப்பாகச் சிறுவர்களின் வாழ்வில், வேறு வழியில் கிடைக்காத இனிமையைச் சேர்ப்பது அதன் நோக்கம்.

அறங்காவலர்களுக்கு அவர் காட்டிய வழி இன்றைக்கும் நல்கைக் குழுக்கள் படிக்கத்தக்கது. நகராட்சி வரிப்பணத்தில் செய்ய வேண்டியதை நீங்கள் செய்துவிடாதீர்கள் என்றார். புதியவற்றைச் சோதித்துப் பார்க்குமாறும், தோல்விக்கு அஞ்ச வேண்டாம் என்றும், பயன்படாததைக் கைவிடத் தயங்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். அந்த அறக்கட்டளை பூங்காவைப் பராமரித்தது. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் அமைத்தது. இசைப் பள்ளியும் கைவினைப் பள்ளியும் நடத்தியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்தது. உடற்பயிற்சி ஆசிரியைகளுக்கான கல்லூரியை 1905-இல் தொடங்கியது. சுற்றுச்சூழல், நலவாழ்வு, கலை, இளையோர் என்று இன்றைய நல்கை விண்ணப்பப் படிவங்களில் நாம் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கும் அத்தனையும் ஒரே சிற்றூரில், ஒரே குழுவின் கையில் இருந்தன. அவ்வறக்கட்டளை இன்றும் அவ்வூரில் பணியாற்றி வருகிறது. 1911-இல் 12.5 கோடி டாலரில் அவர் அமைத்த கார்னகி கார்ப்பரேஷனுக்கும் இதே சுதந்திரத்தை எழுதி வைத்தார். காலம் மாறும், அப்போது இருப்பவர்களின் அறிவே வழிகாட்டட்டும் என்பது அதன் பொருள். தம் வாழ்நாள் முழுதும் எவரையும் தமக்கு மேலாக நம்பாத ஒரு மனிதர் இதை எழுதினார் என்பது வியப்பு.

அந்தச் சுதந்திரம் அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய அருமைத் திட்டத்தின் மீது பாய்ந்தது. நூலகக் கொடைகள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று ஆராய, கார்ப்பரேஷனின் அறங்காவலர்கள் 1915-இல் ஆல்வின் ஜான்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியரை அமர்த்தினார்கள். அவர் ஏறத்தாழ நூறு நூலகங்களை நேரில் பார்த்தார். பத்து விழுக்காட்டு வாக்குறுதியைச் சில ஊர்கள் மீறியிருந்தன. வாக்குறுதியைக் காப்பாற்றிய ஊர்கள் பலவற்றிலும் அத்தொகை போதவில்லை. நூல்கள் பழையவை, இடம் பொருத்தமற்றது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற நூலகர் இல்லை. கட்டடத்தை நிறுத்திவிட்டு நூலகர்களை உருவாக்கப் பணம் செலவிடுங்கள் என்பது அவருடைய பரிந்துரை. பெர்ட்ராம் அதைக் கடுமையாக எதிர்த்தார். அறங்காவலர்கள் உடனடியாக எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆயினும், 1917-இல் புதிய கட்டடக் கொடைகள் நின்றன.

ஜான்சனும் பொருளாதாரப் பேராசிரியர், நானும் பொருளாதாரப் பேராசிரியன். அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்த பிறகு நூலகருக்குப் பணம் கேட்டார். நான் எந்த ஊரையும் பார்க்காமல் நூலகருக்குப் பணம் மறுத்தேன்.

1914-இல் மூண்ட போர் கார்னகியை முறித்துப்போட்டது. தி ஹேக் நகரில் அவர் பணத்தில் எழுந்த அமைதி மாளிகை திறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தன்வரலாற்றை எழுதுவதையும் அத்தோடு நிறுத்தினார். 1919 ஆகஸ்ட் 11 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸில் காலமானார். அதற்குள் ஏறத்தாழ 35 கோடி டாலரைக் கொடுத்து முடித்திருந்தார். நியூயார்க் மாநிலத்தின் ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸும் பிற்பாடு அதே இடுகாட்டில், சற்றுத் தொலைவில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் மண்ணிலும் இதே கணக்கை ஒருவர் போட்டார். எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடிய முயற்சியால் 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் எந்தச் செல்வரின் வருகைக்கும் காத்திராமல் சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்ப்பவர்கள் அதைக் காணலாம். கார்னகி ஒவ்வோர் ஊரிடமும் தனித்தனியே கெஞ்சியும் மிரட்டியும் பெற்ற வாக்குறுதியைச் சட்டமே வாங்கிக்கொடுத்துவிட்டது. அந்த வரி முழுமையாக நூலகத்துக்குப் போய்ச் சேர்கிறதா, சிற்றூர் வாசகசாலைகளுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பது வேறொரு கட்டுரைக்கான பொருள்.

பூட்டிய வாசகசாலையின் கோப்பை மறுபரிசீலனைக்கு எடுக்குமாறு குழுவுக்கு எழுதினேன். சென்ற மாதம் அந்த இளைஞர்களைப் போய்ப் பார்த்தேன். அவர்களில் மூவர் நூற்பாலையில் முறைவேலை செய்கிறார்கள். ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறார். மதிப்பூதியத்தில் ஒரு பகுதியை ஊராட்சி ஏற்கும் என்ற தீர்மானத்துக்காக அவர்கள் நடையாய் நடந்து, நகலையும் வாங்கி வைத்திருந்தார்கள். மீதிப் பகுதியை நாங்கள் மூன்று ஆண்டுகள் தர வேண்டும். புதிய படிவத்தை அவர்களோடு உட்கார்ந்து நிரப்பினோம். வாசகசாலை இயங்கும் நேரம் என்ற இடத்தில், பழைய படிவத்தில் இருந்தபடியே காலை 10 முதல் மாலை 5 வரை என்று எழுதப் போனேன். அந்த நேரத்தில் ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள் ஐயா என்று சிரித்தார்கள். மாலை 6 முதல் 9 வரை என்று எழுதியிருக்கிறோம். குழு அடுத்த வாரம் கூடுகிறது.